கைக்குழந்தை இருப்பவர்கள் நாவல் எழுதக் கூடாதா?

தமிழ்நாட்டில் எழுத்து முகாம்களும் நல்கைகளும் விருதுகளும் நடத்தும் இலக்கிய அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

இந்த ஆண்டுக்கான நாவல் முகாம் அறிவிப்பு ஒன்றில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. "கைக்குழந்தைகளுடன் வருவோர் விண்ணப்பிப்பதைத் தவிர்க்கவும்." போன வருடம் வரை அது இல்லை. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருடம் அதே முகாமுக்குத் தேர்வாகியும், கைக்குழந்தை இருந்ததால் போக முடியாமல் நின்றவள் நான். அந்த அமைப்பின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இது அவர்களுக்கும் எனக்குமான தகராறாகச் சுருங்கிவிடும். அதே நிபந்தனையை எழுதியோ எழுதாமலோ வைத்திருக்கும் எல்லோருக்கும்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் தங்கி எழுத வேண்டிய முகாம் அது. மூத்த எழுத்தாளர்கள் கைப்பிரதியைப் படித்துவிட்டு வந்து உடனிருந்து பேசுவார்கள். முகாமை முழுமையாக முடித்தவர்களுக்கு நாவலை எழுதி முடிக்க நல்கையாகப் பணமும் கிடைக்கும். வயது வரம்பு 35. நான் அனுப்பிய அத்தியாயங்கள் தேர்வாகிவிட்டன என்ற செய்தி வந்தபோது என் இளையவனுக்கு எட்டு மாதம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் அம்மா கூட வருவார், பக்கத்தில் எங்கள் செலவிலேயே அறை எடுத்துக்கொள்கிறோம், அமர்வுகளுக்கு நடுவே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், இரவு மட்டும் பிள்ளையோடு தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். "இல்லைங்க மேடம், மத்தவங்களுக்குக் கவனம் சிதறும். வீட்டை மறந்துட்டு எழுதணும்னுதானே முகாமே நடத்துறோம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருடம் எனக்கு 36 ஆகிவிடும் என்றேன். "வயசு விஷயத்துல நான் ஒண்ணும் பண்ண முடியாது, அது குழுவோட முடிவு" என்றார்.

அதே முகாமுக்குப் போன நண்பர் ஒருவரின் வீட்டில் அப்போது பிறந்து மூன்று மாதமான குழந்தை இருந்தது. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. அவர் நல்ல நண்பர், நல்ல நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்த வாரம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் மனைவி இரவில் தனியாக விழித்திருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார் என்பதும் அவரே எனக்குச் சொன்னதுதான். வீட்டை மறந்து எழுதச் சொல்லும் முகாம், வீட்டில் அதை மறக்க முடியாத இன்னொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது. அந்த இன்னொருவரே எழுத்தாளராக இருந்தால் என்ன செய்வது என்று உங்கள் விதிகளில் எங்கும் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பும் இதழ்களுக்குக் கட்டுரைகளும் எழுதுகிறேன். மகள் நான்காம் வகுப்பு. கணவருக்கு மின்வாரியத்தில் களப்பணி, மழையும் காற்றும் வந்தால் எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். அத்தைக்கு மூட்டுவலி, அதிக நேரம் நிற்க முடியாது. எங்கள் வீட்டில் என்னை எழுதாதே என்று ஒருவரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். என் கதை அச்சில் வந்தால் அத்தைதான் முதலில் படிப்பார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண் எழுதுவதற்குத் தடை என்றதும் கொடுமைக்கார மாமியார், அடிக்கிற கணவன் என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வீடுகள் இன்றும் நிறைய இருக்கின்றன. ஆனால் என்னைப் போன்ற பலரின் பிரச்சினை வேறு. அனுமதி கிடைத்துவிட்டது, நேரம் கிடைக்கவில்லை.

நான் எழுதுவது விடியற்காலை நாலரைக்கு. ஆறு மணிக்குள் அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். மகளுக்கு மதியச் சாப்பாடு, கணவருக்குச் சாப்பாடு, அத்தைக்கு மாத்திரைக்கு முன்னால் கஞ்சி, பள்ளி வேன். அதற்குள் இளையவன் எழுந்துவிட்டால் அன்றைக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் போய்விடும். பகலில் வரிகள் வரும்போது கை மாவிலோ தண்ணீரிலோ இருக்கும். அதனால் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே குரல் பதிவாக அனுப்பி வைப்பேன். இரவு அவற்றைக் கேட்டு எழுத உட்கார்ந்தால், பாத்திரம் பேசும் இடத்தில் குக்கர் விசில் வந்துவிடும், அடுத்த வரி கேட்காது. கைப்பேசியில் கட்டை விரலால் தட்டியே ஒரு கதை முழுவதையும் எழுதியிருக்கிறேன், மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது. தொகுப்புக்கான மெய்ப்பு வந்த வாரம் மகளுக்கு டைபாய்டு. மருத்துவமனை வராந்தாவில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையைப் பிடித்தபடியே ஒற்றுப்பிழை திருத்தினேன். அன்று விட்டுப்போன பிழைகள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன, ஒரு மதிப்புரையில் அவை சுட்டிக்காட்டவும் பட்டன.

இதையெல்லாம் இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. பிள்ளை வளர்ப்பு எனக்குப் பாரமும் இல்லை. என் மகள் பேசக் கற்றுக்கொண்ட காலத்தில்தான் வசனம் எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது. ஒரு சொல்லை முதல்முறை வாயில் போட்டுப் பார்க்கிற பிள்ளையைப் பக்கத்திலிருந்து கேட்பது எந்தப் பட்டறையிலும் கிடைக்காத பயிற்சி. பயம் என்றால் என்ன, பொறுமை எங்கே தீர்ந்துபோகிறது, ஒருவர் மேல் அன்பும் கோபமும் ஒரே நிமிடத்தில் எப்படி வருகின்றன என்பதையெல்லாம் இந்த வீட்டில்தான் கற்றேன். அதனால் தாய்மை எழுத்துக்கு எதிரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை இல்லாதவருக்காகவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவருக்காகவும் மட்டும் எழுதப்பட்ட விதிகள்தான் எனக்கு எதிராக நிற்கின்றன.

இது என் ஒரு வீட்டுக் கதை இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். அதுவும் ஈடுபடுகிற ஆண்களின் கணக்கு மட்டும், அப்படி ஈடுபடுகிற ஆண்களே குறைவு. குழந்தைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வது இதற்கு மேல் தனி. 15 முதல் 59 வயதுக்குள் அந்தப் பொறுப்பைச் செய்யும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74. முந்தைய கணக்கெடுப்பு 2019-ல் நடந்தது, அதில் வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம். ஐந்து வருடத்தில் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. எழுதுகிறவருக்கு இந்த எண்கள் எல்லாம் பக்கங்கள்தான்.

நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பது எதை எழுதுகிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. இதைப் பற்றி நம் விமர்சனத்தில் பேச்சே இல்லை. பெண்கள் சிறுகதையோடும் கவிதையோடும் நின்றுவிடுகிறார்கள், பெரிய நாவலுக்கான வீச்சு இல்லை என்று மேடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கதைகளின் கச்சிதத்தைப் பாராட்டியும் இருக்கிறார்கள். அந்தக் கச்சிதத்தில் பாதி, பிள்ளை எழுந்துகொள்வதற்குள் முடிக்க வேண்டியிருந்ததால் வந்தது. ஒரு சிறுகதையைத் துண்டு துண்டான நேரத்தில் எழுதிவிடலாம். கையில் வேலை இருக்கும்போதும் அது முழுசாகத் தலைக்குள் நிற்கும். நாவல் அப்படி நிற்காது. நான் எழுதிக்கொண்டிருப்பது பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற மூன்று தலைமுறைப் பெண்களைப் பற்றிய நாவல். பாட்டி தொடக்கத்தில் மறைத்த ஒரு விஷயம் பேத்தியின் காலத்தில் வெளியே வர வேண்டும். அதற்கு இடையில் வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் எவ்வளவு தெரியும் என்பது எனக்கு ஒரே நேரத்தில் நினைவில் இருக்க வேண்டும். நாலு நாள் தொடர்ந்து உட்கார்ந்தால் அது மனசுக்குள் கூடிவரும். ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், ஒரு பரீட்சை வந்து பத்து நாள் விட்டுப்போனால் திரும்ப முதலிலிருந்து படித்துத்தான் உள்ளே போக முடியும். படித்து முடிப்பதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், தொடர்ச்சியான ஒரு வாரம் என்பது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் உங்கள் புதிய வரி வாசலில் நிறுத்துகிறது. தனியாக அறை எடுத்துத் தங்கி எழுத முடிகிறவருக்கு உங்கள் முகாம் ஒரு நல்ல வாய்ப்பு. எங்களுக்கு அது நாவல் எழுதுவதா வேண்டாமா என்கிற கேள்வி.

அப்புறம் வயது வரம்பு. இளம் எழுத்தாளர்களுக்குச் சாகித்திய அகாதெமி தரும் யுவ புரஸ்கார் விருது 35 வயது வரை. 2021-ல் தொடங்கிய பிரதமரின் இளம் எழுத்தாளர் திட்டம் 30 வயதுக்குக் கீழே. தனியார் பரிசுகளும் முகாம்களும் அநேகமாக இதே எல்லைகளைத்தான் பின்பற்றுகின்றன. இளையவர்களுக்கு ஊக்கம் தருவது நல்லதுதான், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான பெண்கள் பிள்ளை பெற்று வளர்ப்பது இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும்தான். தூக்கமில்லாத வருடங்களும் இளம் எழுத்தாளர் என்று நீங்கள் வகுத்திருக்கிற வருடங்களும் ஒன்றாகவே வருகின்றன. கடைசிப் பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கி, முதல் முறையாகக் காலையில் மூன்று மணி நேரம் கையில் கிடைக்கும்போது, நாங்கள் இளம் எழுத்தாளர் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடுகிறோம். மூத்த எழுத்தாளர் என்று சொல்லப் புத்தகங்களும் இருக்காது.

மற்ற துறைகள் இதை எப்போதோ யோசித்துவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் உண்டு. பணியில் இடைவெளி விட்ட பெண்கள் ஆய்வுக்குத் திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தனி நல்கை வைத்தது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் இளம் ஆய்வாளர் நல்கைக்கான காலவரம்பை ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் தாய்மாருக்கு நீட்டித்துத் தருகிறது. ஆய்வுக்கூடத்துக்கு முடிவது கதைக்கு ஏன் முடியவில்லை? நுண்ணோக்கியை விட்டுத் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்வார்கள், நாவலை விட்டுத் திரும்பி வந்தால் வயது முடிந்துவிட்டது என்பீர்கள்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்காவது சட்டம் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். தமிழ்நாடு அரசு 2021-ல் தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை ஓராண்டாக உயர்த்தியது. எழுத்தாளருக்கு முதலாளி என்று யாரும் கிடையாது, அதனால் விடுப்பும் கிடையாது. ஓர் இதழில் மாதாமாதம் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பிரசவத்தின்போது சில மாதம் இடைவெளி கேட்டேன். "நல்லா ரெஸ்ட் எடுங்க, உடம்பப் பாத்துக்கங்க" என்று அன்பாகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தார். இடத்தை வைத்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு செலவும் ஆகியிருக்காது.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு பதில் வரும். வை.மு. கோதைநாயகி குடும்பமும் நடத்திக்கொண்டு, 1925-லிருந்து ஓர் இதழையும் நடத்திக்கொண்டு, 115 நாவல்கள் எழுதவில்லையா? வங்கத்தில் ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூடம் போகாமல், பிள்ளைகளையும் வளர்த்து, எழுதி, 1976-ல் ஞானபீடம் பெற்ற முதல் பெண் ஆகவில்லையா? கவிஞர் சல்மா கழிவறைக்குள் மறைந்து நின்று எழுதவில்லையா? மனசிருந்தால் முடியும், சாக்குச் சொல்லாதீர்கள் என்பது அதன் பொருள்.

சரி, அவர்களைப் பற்றியே பேசுவோம். கோதைநாயகி தொடக்கத்தில் கதையைச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். சல்மா தன் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியதையும், கவிதைகளை ரகசியமாக வெளியே அனுப்பியதையும், புனைபெயருக்குப் பின்னால் நின்றதையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, ஒரு கவிஞரை நாம் எவ்வளவு தூரம் துரத்தியிருக்கிறோம் என்பதுதான். அதை விடாமுயற்சிக்கான எடுத்துக்காட்டாக மேடையில் சொல்லிக் கைதட்டிவிட்டு, அடுத்து வருகிற பெண்ணும் அப்படியே எழுதட்டும் என்று விடுவது நியாயமா? அவர்கள் எழுதிவிட்டார்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. அதே காலத்தில் எழுதத் தொடங்கி, இரண்டு கதையோடு நின்றுபோனவர்களின் பெயர் நம் பட்டியல் எதிலும் இல்லை. பழைய இதழ்களைப் புரட்டினால் அவர்கள் இருப்பார்கள். நம்பிக்கையூட்டும் ஒரு கதை, இன்னொரு கதை, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

1955-லிருந்து 2024 வரை தமிழுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பெண்கள் நான்கு பேர்தான். 1973-ல் ராஜம் கிருஷ்ணன், 1984-ல் லக்ஷ்மி, 2005-ல் திலகவதி, 2021-ல் அம்பை. இதற்கு முழுக் காரணமும் பிள்ளை வளர்ப்புதான் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வுக் குழுக்களின் பார்வைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் பட்டியல் இத்தனை வருடம் இப்படியே இருக்கும்போது, எழுதும் வாய்ப்பே யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்காமல் விருதை மட்டும் பேசுவதில் பயனில்லை.

முகாம் மட்டும் இல்லை, கூட்டங்களும் அப்படித்தான். புத்தக வெளியீடு என்றால் மாலை ஆறு மணி. சிறப்பு விருந்தினர் வரும்போது ஏழு. முடியும்போது ஒன்பது. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் முழுவதும் அதில் போய்விடும். அதோடும் முடிவதில்லை. உண்மையான இலக்கியப் பேச்சு கூட்டம் முடிந்தபிறகு டீக்கடையில்தான் நடக்கும். யாருடைய கைப்பிரதி நன்றாக வந்திருக்கிறது, எந்தப் பதிப்பாளர் நாவல் தேடுகிறார், அடுத்த கருத்தரங்குக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்த நேரத்தில் நாங்கள் கடைசி பஸ்ஸில் இருப்போம். பிறகு "பெண்களில் யார் எழுதுகிறார்கள் என்றே தெரியவில்லை, பெயர் சொல்லுங்கள்" என்று கேட்பீர்கள். மகளிர் தினம் வரும் மார்ச் மாதத்தில் மட்டும் எங்கள் தொலைபேசி எண்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடும். மேடையில் கேட்கப்படும் கேள்வி, குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது. நாவலின் கட்டமைப்பைப் பற்றி, மொழியைப் பற்றிப் பேசத் தயாராகிப் போயிருப்போம். பக்கத்து அமர்வில் இருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான எழுத்தாளரிடம் அந்தக் கேள்வி போகாது. அவரிடமும் கேட்டால்தான் அது கேள்வி.

ஒரு கூட்டத்துக்கு இளையவனைத் தூக்கிக்கொண்டே போனேன். பால் கொடுக்க இடம் கேட்டபோது கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையைக் காட்டினார்கள். நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு கொடுத்தேன். தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015-லேயே திறக்கப்பட்டுவிட்டன. பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்குக் கிடைக்கிற ஒரு நாற்காலியும் ஒரு திரையும் இலக்கியம் கேட்க வந்த தாய்க்குக் கிடைக்கவில்லை.

குழந்தை இருந்தால் கவனம் சிதறும் என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இருக்கிறது. அதே கட்டடங்களில் வேறு தளங்களில் ஆய்வாளர்கள் அமைதியாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகளும் எழுத்தும் ஒரே வளாகத்துக்குள் இருக்க முடியும். ஓர் அறை ஒதுக்கி, ஓர் ஆள் வைத்தால் போதும். நான் கேட்டது அதுகூட இல்லை. ஆளும் அறையும் என் பொறுப்பு என்றேன், வந்து போக மட்டும் விடுங்கள் என்றேன்.

பணம் இல்லை என்பீர்கள். சிறிய அமைப்புகள் எவ்வளவு சிரமப்பட்டு இவற்றை நடத்துகின்றன, கைக்காசு போட்டு எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கீழே நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசே தேவையில்லை. விதியை எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்தால் போதும்.

முதலாவதாக, கைக்குழந்தை இருப்பவர்களை விண்ணப்பிக்காதே என்று சொல்லும் வரிகளை அறிவிப்புகளிலிருந்து எடுத்துவிடுங்கள். அறிவிப்பில் எழுதாமல் தொலைபேசியில் சொல்கிற வழக்கத்தையும் நிறுத்துங்கள். தேர்வானவர் தன் குழந்தையோடும் துணைக்கு ஒருவரோடும் வரலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அவர்களின் தங்கும் செலவை உங்களால் ஏற்க முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

ஒரு வாரம் முழுக்கத் தங்கியே ஆக வேண்டும் என்ற விதிக்கு மாற்று வையுங்கள். இரண்டு வார இறுதிகளாகப் பிரிக்கலாம். மாவட்டத் தலைநகரங்களில் பகல் நேர முகாமாக நடத்தலாம். முகாமுக்கு வர முடியாதவருக்கு மூத்த எழுத்தாளரோடு காணொளியில் பேச வாய்ப்புக் கொடுத்து, நல்கையை மட்டும் தரலாம். பிரசவமோ பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமலோ வந்தால், தேர்வானவரின் இடம் அடுத்த ஆண்டுக்கு அப்படியே செல்லும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். தேர்வுக் குழு ஒருமுறை நல்ல எழுத்து என்று முடிவு செய்தது, ஒரு வருடத்தில் கெட்டுப்போய்விடாது.

வயது வரம்பு வைத்தே தீர வேண்டும் என்றால், குழந்தை வளர்ப்பில் இடைவெளி விட்டவர்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு ஆண்டு தளர்வு கொடுங்கள். பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற தகப்பன்மாருக்கும் அது கிடைக்க வேண்டும். இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. வயதைக் கேட்காமல், முதல் நாவலா, இரண்டாவது நாவலா என்று மட்டும் கேளுங்கள்.

கூட்டங்களில் நான்கில் ஒன்றையாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். பால் கொடுக்க மறைவான ஓர் இடம், பிள்ளைகள் உட்கார்ந்து படம் வரைய ஒரு மூலை, இவற்றை அரங்கு பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். நூலகங்களில் நடத்தினால் குழந்தைகள் பிரிவு திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தொடர் எழுதுகிறவர் மகப்பேறுக்காக இடைவெளி கேட்டால், எந்த இதழிலிருந்து அவர் மறுபடி எழுதுவார் என்பதை அப்போதே எழுத்தில் உறுதி செய்துகொடுங்கள்.

விதிகளை வகுக்கும் குழுக்களில், பள்ளிக்குப் போகாத வயதில் பிள்ளை உள்ள எழுத்தாளர் ஒருவராவது இருக்கட்டும். அவரால் நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியில் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்கு முன்னால் விதிகளைத் திருத்தி வெளியிட முடியும். திருத்த முடியாது என்று ஏதாவது அமைப்பு முடிவெடுத்தால், அதற்கான காரணத்தைப் பொதுவில் எழுத்தில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். இதே காரணத்தால் விண்ணப்பிக்காமல் இருக்கும் மற்ற பெண்களும் அந்தப் பதிலைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாயான ஓர் எழுத்தாளர்,
பாளையங்கோட்டை